கீழே இறங்காமலே பனியாற்றுக்கு வரைபடம் போட்டது எப்படி?

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள். நூல் காதைத் தாண்டித் தாண்டிப் போகும். ஆழம் துல்லியமாகத் தெரிய இரண்டு கண்ணும் வேண்டும்.

அண்டார்க்டிகாவின் லாம்பர்ட் பனியாறு 400 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். 1946-47இல் அமெரிக்கக் கடற்படை விமானங்கள் அப்பகுதியைப் படமெடுத்தன. படத்திலும் அதேபோல் ஆழம் தெரிய, ஒரே இடம் அடுத்தடுத்த இரு படங்களில் விழுந்தால் போதும். ஒன்றை இடக்கண்ணுக்கும் மற்றதை வலக்கண்ணுக்கும் காட்டுங்கள். தட்டைத் தாளில் மலை எழும்பி நிற்கும், பனி பள்ளத்தில் இறங்கும்!

அந்தப் படங்களை வைத்து 1952இல் புவியியலாளர் ஜான் ராஸ்கோ பனியாற்றின் எல்லையை வரைந்தார். அவர் வைத்த பெயர்? படமெடுத்த விமானக் குழுவின் குறிப்பெயரான 'பேக்கர் த்ரீ'. எனக்குப் பிடித்தது இதுதான். அந்தக் குளிரில் பறந்தவர்களின் பெயரல்லவா! பின்னர் ஆஸ்திரேலியா தன் தேசிய வரைபடத் துறை இயக்குநர் புரூஸ் லாம்பர்ட்டின் பெயரைச் சூட்டியது.