விளக்குக்குள் ஒரு பஞ்சாங்கம்

நன்னிலத்தில் செடிக்கு விளக்கு வைக்கிறேன் என்றால், கேட்பவர் எவரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்த ஊரில் வெயிலுக்கு என்ன பஞ்சம்? நியாயமான கேள்வி. சித்திரை மாத உச்சிவெயிலில் முடிகொண்டான் ஆற்றங்கரை வயலில், இலைக்குப் பயன்படும் ஒளித்துகள்களை மட்டும் எண்ணினால், ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு ஏறத்தாழ 2,000 மைக்ரோமோல் விழுகிறது. ஒரு மைக்ரோமோல் என்றால் 6-க்குப் பின்னால் 17 பூஜ்யம் போட்டால் வருகிற அத்தனை துகள்கள். ஆன்லைனில் விற்கிற ‘ஸ்மார்ட்’ செடி விளக்கு, ஓரடி தூரத்தில் இதில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தாலே பெரிது.

ஆனால் செடிக்கு ஒளி சாப்பாடு மட்டுமில்லை. பகல் எவ்வளவு, இரவு எவ்வளவு என்று கணக்குப் பார்த்துத்தான் பல செடிகள் பூக்கும் நாளைக் குறிக்கின்றன. அந்தக் கணக்குக்கு வேண்டிய ஒளி மிகச் சொற்பம். வெயிலோடு போட்டிபோட முடியாத சின்ன விளக்கு, செடியின் பஞ்சாங்கத்தை அடியோடு திருத்திவிடும். அந்த விளக்கு எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்று உள்ளே எழுதியிருக்கும் ஃபர்ம்வேர் யார் கையில் இருக்கிறது என்பது அதனால்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நன்னிலம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 10.9 பாகையில் இருக்கிறது. இங்கே ஜூன் கடைசியில் பகல் சுமார் 12 மணி 45 நிமிடம். டிசம்பர் கடைசியில் சுமார் பதினொன்றரை மணி. ஆண்டு முழுவதற்குமான வித்தியாசமே ஒன்றேகால் மணி நேரம்தான். நாம் அதைக் கவனிப்பதுகூட இல்லை. பழைய நீண்டகாலச் சம்பா நெல் பலவும் கவனிக்கும். பகல் குறைந்துகொண்டு வருவதை உணர்ந்த பிறகுதான் அவை கதிருக்குத் தயாராகும். இந்தக் கூர்மைக்கு எல்லை எங்கே என்று பார்த்தவர்களில் ஜே. டோர் ஒருவர். மலாக்காவில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே சுமார் 14 நிமிடம்தான் வித்தியாசம். அங்கே சயாம் 29 என்ற நெல்லை ஜனவரியில் விதைத்தால் பூக்க 329 நாள், செப்டம்பரில் விதைத்தால் 161 நாள் என்று அவர் 1959-இல் வெளியிட்டார். கைக்கடிகாரம் கட்டிய மனிதருக்கே பிடிபடாத கால் மணி நேரம், ஒரு புல்லுக்குப் பிடிபடுகிறது.

குறுவைக்கு இந்தக் குணம் ஆகாது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து, தண்ணீர் வந்து, நட்ட பயிர் பகல் குறையட்டும் என்று காத்திருந்தால் ஐப்பசி அடைமழைதான் அதை வரவேற்கும். ஆகவே பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாத, நாள் எண்ணி விளைகிற ரகங்கள் டெல்டாவுக்குத் தேவைப்பட்டன. 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் நன்னிலத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஜப்பானின் நோரின் 10-ஐ நம்முடைய ஜி.இ.பி. 24-உடன் கலந்து, 1960-களின் நடுவில் அங்கிருந்து வந்தது ஆடுதுறை 27. குறுவையில் நூற்றைந்து நாளில் அறுவடைக்கு வந்துவிடும். பிறகு ஆடுதுறை 36, 43 என்று வரிசையாக வந்தன. இன்று குறுவை நெல்லைத் தின்னும் எவரும், இரவு பகலை எண்ணுவதை விட்டுவிட்ட ஒரு நெல்லைத்தான் தின்கிறார்கள்.

செடி எண்ணுவது பகலையா இரவையா? பகலின் நீளம்தான் பூப்பைத் தீர்மானிக்கிறது என்று கார்னரும் அலார்டும் அமெரிக்க வேளாண் துறையில் புகையிலையையும் சோயாவையும் வைத்துக் காட்டியது 1920-இல். 1938-இல் ஹாம்னரும் பானரும் அதைத் திருப்பிப் போட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது நம் குளத்துமேட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் முளைத்து, வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் மருளூமத்தை. தொடர்ச்சியாக எட்டரை மணி நேரத்துக்கு மேல் இருட்டு கிடைத்தால் அது பூக்கும். பகலின் நடுவே கொஞ்சம் இருட்டைக் காட்டினால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. இரவின் நடுவே கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினால் பூப்பு நின்றுவிடுகிறது. ஆக, அது அளப்பது இரவை.

எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பதற்கு 1952-இல் அதே அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் விடை கிடைத்தது. போர்த்விக்கும் ஹெண்ட்ரிக்ஸும் கூட்டாளிகளும் லெட்யூஸ் விதைமேல் மாற்றி மாற்றி இரண்டு சிவப்பைக் காட்டினார்கள். 660 நானோமீட்டர் சிவப்பு பட்டால் விதை முளைக்கும். 730 நானோமீட்டர் பட்டால், அதாவது நம் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத ஆழ்சிவப்பு பட்டால், முளைக்காது. எத்தனை முறை மாற்றினாலும் கடைசியாகப் பட்டது எதுவோ அதன் பேச்சுத்தான் எடுபடும். இலைக்குள் இப்படி இரு நிலையில் புரளும் நிறமிக்குப் பைட்டோகுரோம் என்று பெயர் வைத்தார்கள். நெல்லிலும் அதே வேலைதான். இரவின் நடுவே 10 நிமிட வெளிச்சம் காட்டினாலே, எச்டி3ஏ என்ற பூப்பு மரபணுவின் செயல்பாடு படுத்துவிடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005-இல் காட்டினார்கள். இலையில் உருவாகி, தண்டின் நுனிவரை பயணம் செய்து, ‘கதிர் விடு’ என்று சொல்கிற புரதம் அந்த மரபணுவிலிருந்து வருவதுதான். அதை 2007-இல் உறுதிப்படுத்தினார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு, ஆன்லைனில் வந்த செடி விளக்கின் அட்டைப்பெட்டியைப் பாருங்கள். ‘660 நானோமீட்டர்’ என்று பெருமையாக அச்சிட்டிருக்கும். ஒளிச்சேர்க்கைக்கு நல்லது என்பதற்காகப் போட்ட சிவப்பு அது. ஆனால் பைட்டோகுரோமைத் தட்டி எழுப்புவதும் அதே சிவப்புத்தான். சில விளக்குகளில் 730-உம் உண்டு. அந்த இரண்டு வகை எல்.இ.டி.யும் ஒரே போர்டில் இருந்தால், பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தின் ஒரு மூலை உங்கள் மேசைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

அதை இயக்குவதற்குக் கொடுக்கப்படும் செயலியோ மிகவும் கஞ்சத்தனமானது. நான் வாங்கிய விளக்கில் 4, 8, 12 மணி நேரம் என்று மூன்று பொத்தான்கள்தான். நள்ளிரவில் 10 நிமிடம் மட்டும் எரி என்று சொல்ல வழியில்லை. சிவப்பை மட்டும் எரி என்றும் சொல்ல முடியாது. மேலும் பொத்தானை அழுத்தினால் செய்தி நேரே விளக்குக்குப் போவதில்லை. வேறு நாட்டில் இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்பி வருகிறது. நெட் இல்லாத நாளில் விளக்கு பேசாது. கரண்ட் போய்த் திரும்பினால் மணி என்னவென்றே அதற்குத் தெரியாது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, இந்தப் பகுதியில் நாள்கணக்கில் கரண்டும் சிக்னலும் இல்லாமல் இருந்த ஊர்கள் பல. அப்படிப்பட்ட இடத்துக்கு ஏற்ற ஏற்பாடு இதுவல்ல. புயலே வராவிட்டாலும் சர்வர் சாகலாம். 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனம் முன்னறிவிப்பு இல்லாமல் சர்வரை நிறுத்தியது. வீட்டு விளக்குகளை அதை நம்பி இயக்கியவர்கள் திகைத்து நின்றார்கள். இரண்டு மாதம் கழித்து அதன் வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து நிறுவனத்தை வாங்கி மீண்டும் ஓட வைத்தார்கள்.

சரி, பிரித்துப் பார்ப்போம். முதலில் ஒரு எச்சரிக்கை. 230 வோல்ட் நேரடியாக உள்ளே போகிற பல்பு வகை விளக்குகளைப் பழக்கமில்லாதவர்கள் தொடக்கூடாது. அவற்றில் பலவற்றின் போர்டு முழுவதுமே மின்கம்பியோடு தொடர்பில் இருக்கும். கம்ப்யூட்டரை அதோடு இணைத்தால் ஆள், கம்ப்யூட்டர் இரண்டுக்கும் ஆபத்து. தனி அடாப்டரில் ஓடும் 12 அல்லது 24 வோல்ட் விளக்குதான் இதற்குத் தோது. அதையும் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

கட்டுப்பாட்டுப் பெட்டியின் நான்கு திருகாணியைக் கழற்றினால், தீப்பெட்டியில் அடங்கிவிடும் அளவுக்கு ஒரு பச்சைப் போர்டு. ஒரு ஓரத்தில் தகர மூடி போட்ட வைஃபை சிப். அதன் அருகே வளைந்து வளைந்து போகும் பொன்னிறக் கோடு, அதுதான் ஆண்டெனா. மறு ஓரத்தில் மூன்று காலுடன் கறுப்பாக நிற்பவை மாஸ்ஃபெட்டுகள். வெள்ளைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. சிப் சொல்லும்போது எல்.இ.டி.க்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடுவது இவற்றின் வேலை. வெளிச்சத்தைக் குறைப்பது என்றால் மின்சாரத்தை மெலிதாக்குவது என்று நினைத்துவிடக் கூடாது. நொடிக்கு ஆயிரம் முறை போல அணைத்து ஏற்றுகிறார்கள். ஏற்றியிருக்கும் நேரத்தைக் குறைத்தால் கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது.

எந்த மாஸ்ஃபெட் சிப்பின் எந்தப் பின்னோடு சேர்ந்திருக்கிறது என்பதை மல்டிமீட்டரை ‘பீப்’ வைத்துத் தொட்டுத் தொட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். பொறுமையான வேலை, ஆனால் இந்தக் காரியம் முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதுதான். யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து வரைந்த வரைபடம், ஒவ்வொரு பீப்பிலும் நம் நோட்டில் திரும்ப வரையப்படுகிறது.

2014 வாக்கில் ஷாங்காயின் எஸ்பிரஸ்ஸிஃப் நிறுவனத்திலிருந்து வந்த இஎஸ்பி8266, இந்த மாதிரிச் சாமான்களை மலிவாக்கிய சிப். இன்று பல விளக்குகளில் அதற்குப் பதில் பெக்கன் நிறுவனத்தின் பிகே7231 இருக்கிறது. இஎஸ்பி8266-இல் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. யாராலும் அழிக்க முடியாத ஒரு குட்டி நிரலைச் சிப்புக்குள்ளேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். மின்சாரம் வந்த மறுகணம் அது ஒரு குறிப்பிட்ட பின்னைப் பார்க்கும், பூஜ்யம் எண் கொண்ட பின். அது கிரவுண்டோடு சேர்ந்திருந்தால், பழைய ஃபர்ம்வேரை ஓட்டாமல், புதிது வருகிறதா என்று காத்திருக்கும். தொழிற்சாலையில் முதன்முதலாக நிரலை ஏற்றவே இந்த வாசல். அதை மூடாமல் விட்டிருந்தால் நாமும் அதன் வழியே போகலாம். மின்சாரம், கிரவுண்டு, அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று என்று நான்கு ஒயர்களை யு.எஸ்.பி. சீரியல் அடாப்டரிலிருந்து பற்றவைக்க வேண்டும். 3.3 வோல்ட்டுதான் கொடுக்க வேண்டும், 5 கொடுத்தால் சிப் கருகிவிடக்கூடும். பழைய ஃபர்ம்வேரை முதலில் நகல் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டுப் புதிதை ஏற்றுவது நல்ல பழக்கம். வாரண்டி அத்தோடு போய்விடும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

புதிதை நாமே முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. தியோ அரெண்ட்ஸ் தொடங்கிய டாஸ்மோட்டா, ஓட்டோ விண்டர் தொடங்கிய இஎஸ்பிஹோம், பெக்கன் சிப்புகளுக்கு ஓபன்பெக்கன் என்று திறந்த மூல நிரல்கள் தயாராக இருக்கின்றன. இஎஸ்பிஹோமில் எந்தப் பின் சிவப்பு, எந்தப் பின் நீலம், எத்தனை மணிக்கு எது எரிய வேண்டும் என்று வரிவரியாகச் சாதாரணக் கோப்பில் எழுதினால் போதும். ஃபர்ம்வேரை அதுவே கட்டிக்கொடுக்கும். தமிழில் படித்துக்கொண்டு இறங்க விரும்புவோருக்கு, 2012 முதல் வரும் கணியம் இதழில் திறந்த மூல மென்பொருள்பற்றிய கட்டுரைகள் கிடைக்கின்றன.

நேரம் மறக்கும் நோய்க்கும் மருந்து உண்டு. டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப்பை இரண்டு தரவு ஒயர்களில் இணைத்து, கூடவே பொத்தான் பேட்டரி ஒன்றைப் போட்டால், கரண்ட் இல்லாமலும் மணி ஓடிக்கொண்டிருக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம்தான் பிசகும். வைஃபையே வேண்டாம் என்றாகிவிடுகிறது.

இதற்கு மேல்தான் எனக்குச் சந்தோஷம் தரும் இடம் வருகிறது. இஎஸ்பிஹோமில் சூரியனைக் கணக்கிடும் பகுதி ஒன்று இருக்கிறது. அகலாங்கு, நெட்டாங்கு கொடுத்தால் அன்றைய உதயமும் அஸ்தமனமும் சொல்லும். நன்னிலத்தின் எண்களைக் கொடுத்தால் விளக்கு நன்னிலத்துப் பகலோடு போகும். ஸ்ரீநகரின் எண்களைக் கொடுத்தால், ஜூனில் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் நீளும் காஷ்மீரப் பகல் உங்கள் வீட்டுத் திண்ணைத் தொட்டிக்கு வந்துவிடும். இரவை அளக்கும் செடிக்கு அதுவே ஊர்மாற்றம். ஓசூர்ப் பக்கமும் கர்நாடகத்தின் சிக்கபள்ளாபுரத்திலும் சாமந்தி வயலில் இரவு பல்பு எரிவது இதே தத்துவத்தில்தான். விளக்கு எரியும்வரை சாமந்தி பூக்காமல் தண்டு நீட்டும். சந்தைக்கு வேண்டிய நேரம் பார்த்து அணைத்தால் மொட்டு வைக்கும்.

எல்லா விளக்கும் இப்படி வசப்படாது. இஎஸ்பி32 போன்ற சிப்புகளில் ஒருமுறை எரித்தால் மீளாத பூட்டு ஒன்று உண்டு. நிறுவனம் அதைப் போட்டுவிட்டால் அதன் கையொப்பம் இல்லாத எந்த நிரலும் ஓடாது. திருட்டைத் தடுக்கப் பூட்டு வேண்டும் என்கிறார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் பணம் கொடுத்து வாங்கியவருக்குச் சாவி தரப்படாத பூட்டை நான் ஏற்கவில்லை. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு தளத்தைத் தொடங்கியது. ஃபர்ம்வேரையும் அந்தப் பேச்சுக்குள் கொண்டுவர வேண்டும்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு டெல்டாவில் ஒரு நல்ல சோதனை காத்திருக்கிறது. பகலுக்குக் கட்டுப்பட்ட பழைய சம்பா ரகம் ஒன்றை ஆவணி வாக்கில் இரண்டு தொட்டியில் நடுங்கள். பகலில் இரண்டுக்கும் ஒரே வெயில். இரவில் ஒன்றுக்கு முழு இருட்டு. மற்றதற்கு நள்ளிரவில் 10 நிமிடம் சிவப்பு மட்டும். இருட்டுத் தொட்டி கதிர் வாங்கும் தேதியையும், மற்றது எத்தனை நாள் பிந்துகிறது என்பதையும் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு சிவப்பின் அளவைப் பாதியாக்குங்கள், பிறகு கால்வாசியாக்குங்கள். எந்த அளவுக்குக் கீழே போனால் நெல் கவலைப்படாமல் கதிர் விடுகிறது என்பது தெரிந்துவிடும். வயலோரத் தெருவிளக்கால் நெல் கதிர் தள்ளுவது பிந்துவதை ஜப்பானில் பதிவு செய்திருக்கிறார்கள். நம் சாலைகளிலும் வயலை ஒட்டி வெள்ளை எல்.இ.டி. கம்பங்கள் வரிசையாக நடப்படுகின்றன. நம் ரகங்கள் எவ்வளவு வெளிச்சத்தைத் தாங்கும் என்ற எண் கையில் இருந்தால், எந்தக் கம்பத்துக்கு மறைப்புத் தகடு போடச் சொல்லி மனுக் கொடுக்கலாம் என்று அளந்து சொல்ல முடியும்.