சமையலறைப் புகைபோக்கி: பழுதறிதலும் சீரமைப்பும்

சமையலறைப் புகைபோக்கி என்பது அடுப்பிலிருந்து எழும் புகை, எண்ணெய் ஆவி, நீராவி, வெப்பம் ஆகியவற்றை உறிஞ்சி வெளியேற்றும் மின்கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது சிம்னி என்றே அழைக்கப்படுகிறது. விறகடுப்புக் காலத்துப் புகைக்கூண்டில் சூடான காற்று தானாக மேலெழுந்து வெளியேறியது. இக்கருவியில் மோட்டாரால் சுழலும் விசிறி அந்த வேலையைச் செய்கிறது. அடுப்புக்கு நேர் மேலே ஏறத்தாழ 65 முதல் 75 செ.மீ. உயரத்தில் இது பொருத்தப்படுகிறது.

"சிம்னி சரியாக இழுப்பதில்லை" என்பதே வீடுகளில் அதிகம் கேட்கும் குறை. மோட்டார் போய்விட்டது என்று பலர் உடனே முடிவு கட்டிவிடுகின்றனர். மோட்டார் வழக்கமான ஒலியுடன் ஓடுகிறது என்றால், குறை பெரும்பாலும் காற்று செல்லும் வழியில்தான் இருக்கும். முதலில் வடிகட்டி, அடுத்துக் குழாய், பிறகே மோட்டார் என்ற வரிசையில் பார்த்தால் வீண்செலவு குறையும்.

காற்று வழியைச் சோதித்தல்

அடுப்பை அணைத்துவிட்டு, விசிறியை அதிக வேகத்தில் ஓடவிட்டு, ஒரு செய்தித்தாள் துண்டை வடிகட்டியின் அடியில் பிடிக்க வேண்டும். தாள் ஒட்டிக்கொண்டு நின்றால் இழுவை இருக்கிறது என்று பொருள். நழுவி விழுந்தால், சமையலறைச் சன்னலைத் திறந்து வைத்து மீண்டும் பார்க்க வேண்டும். இப்போது தாள் ஒட்டினால் கருவியில் குறையே இல்லை. வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி இல்லாததே காரணம்.

அப்போதும் ஒட்டாவிட்டால் வடிகட்டியைக் கழுவ வேண்டும். தாளிப்பும் பொரிப்பும் மிகுந்த நம் சமையலில், வலை வடிகட்டியை ஓரிரு வாரத்திற்கு ஒருமுறையும் தகடு வடிகட்டியை மாதம் ஒருமுறையும் கழுவுவது நல்லது. வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவமும் சிறிது சமையல் சோடாவும் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்தாலே பிசுக்கு இளகிவிடும். காஸ்டிக் சோடா அலுமினிய வலையை அரித்துவிடும். கழிப்பறை கழுவும் அமிலம் எஃகுத் தகட்டில் புள்ளி புள்ளியாகக் குழி விழச் செய்யும். குழாய் இல்லாத வகைகளில் உள்ள கரி வடிகட்டியைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். 'ஆட்டோ கிளீன்' வகை விசிறியில் படிந்த எண்ணெயை மட்டுமே சூடாக்கி இளக்கிக் கிண்ணத்தில் வடிக்கிறது. கிண்ணத்தைக் காலி செய்வதும் குழாயைச் சுத்தம் செய்வதும் வீட்டாரின் வேலைதான்.

அடுத்தது குழாய். கருவியின் வாய் 6 அங்குலமாக இருக்க, சுவரில் 4 அங்குலத் துளை மட்டும் விட்டிருப்பது பல வீடுகளில் காணப்படும் குறை. இரண்டு அங்குலம்தானே என்று தோன்றும். குழாயின் குறுக்குப் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 36-க்கு 16 என்றால் வழி பாதிக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. விலை கூடிய மோட்டாரும் இந்தக் கணக்கை மாற்றாது. குழாயில் வளைவுகள் கூடினாலும், சுருங்கு குழாய் நசுங்கியிருந்தாலும் இழுவை குறையும். அடுக்குமாடிகளில் வெளிவாயில் புறா கூடு கட்டியிருப்பதும் உண்டு.

வடிகட்டியிலிருந்து எண்ணெய் சொட்டினால், கிண்ணம் நிரம்பியிருக்கலாம் அல்லது வடிகட்டி தலைகீழாக மாட்டப்பட்டிருக்கலாம். மழைக்காலத்தில் நீர் சொட்டினால் குழாய் உட்புறமாகச் சரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாய் வெளிப்புறமாகச் சற்றே தாழ்ந்திருப்பதே சரி.

மோட்டார்

இனி வரும் வேலைகளுக்கு முன் கருவியின் பொத்தானை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும்.

'உம்' என்ற ஒலி மட்டும் கேட்டு விசிறி சுற்றாவிட்டால், பிளக்கைப் பிடுங்கியபின் விசிறியைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். தடையின்றிச் சுற்றினால் பெரும்பாலும் மின்தேக்கி பழுதாகியிருக்கும். கடையில் கண்டென்சர் என்று கேட்டால் கிடைக்கும். பழையதன் மேல் அச்சிட்டுள்ள மைக்ரோஃபாரட் அளவும் வோல்ட் அளவும் புதியதில் இருக்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் அதன் முனைகளைத் தொடாமல் எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது. கைக்கு இறுக்கமாக இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கோ, தேய்ந்த பேரிங்கோ காரணம்.

அதிர்வு கூடினால் விசிறித் தகடுகளில் பிசுக்கு ஒரு பக்கமாகப் படிந்திருக்கலாம். சிறிது நேரம் ஓடி நின்று, ஆறியபின் மீண்டும் ஓடினால் மோட்டார் அளவுக்கு மீறிச் சூடாகி, அதன் வெப்பப் பாதுகாப்பு அதை நிறுத்துகிறது.

தீயும் எரிவாயுவும்

குழாயில் படிந்த எண்ணெய் எரியக்கூடியது. வாணலியில் எண்ணெய் தீப்பற்றினால் புகைபோக்கி சுடரை மேலே இழுத்துக் குழாய்க்குள் தீயைக் கொண்டுசெல்லும். அப்போது அடுப்பையும் புகைபோக்கியையும் நிறுத்தி, வாணலியை உலோக மூடியால் மூட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது.

எரிவாயுக் கசிவு வாடை வந்தால் சிலர் வாயுவை வெளியேற்றப் புகைபோக்கியை ஓடவிடுகின்றனர். இது மிகவும் ஆபத்தானது. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. அது தரையோரம் தேங்குவதால், மேலே இருக்கும் விசிறி அதை வெளியேற்றாது. அதே நேரத்தில் சுவிட்சிலோ மோட்டாரிலோ எழும் ஒரு பொறியே அதைப் பற்றவைக்கப் போதும். எந்தச் சுவிட்சையும் போடாமல், அணைக்காமல், ரெகுலேட்டரை மூடிக் கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்தபின் 1906 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.