பழைய அம்பாசடருக்குத் தானியங்கி கியர் பூட்டலாமா?

வில்லியனூர், பாகூர் போன்ற புதுவைக் கிராமப்புறக் கொம்யூன்களின் சாலைகளில் ஒரு காலத்தில் கார் என்றால் பெரும்பாலும் அம்பாசடர்தான். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் தயாரிக்கத் தொடங்கிய கார் இது. 2014-இல் இதன் உற்பத்தி நின்றது. ஆனாலும் தாத்தா வாங்கிய காரை இன்றும் துடைத்துப் பாதுகாப்பவர்கள் இருக்கிறார்கள்.

அப்படி ஒரு காரை வைத்திருப்பவருக்கு இடது காலில் பலம் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கிளச்சை மிதிக்க முடியாது. ஆகவே காரை ஓட்டவும் முடியாது. "புதிய கார்களில் கிளச் மிதியே இல்லை, கியர் தானாக மாறுகிறது. அந்தக் கியர் பெட்டியை இதில் பூட்டினால் என்ன?" என்று அவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. விடை காண்பதற்கு நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலே போதும்.

கியர் எதற்காக?

கோயில் தேர் நிலையிலிருந்து புறப்படும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். முதலில் பின்சக்கரத்திற்கு அடியில் மரத்தைக் கொடுத்து நெம்புவார்கள். தேர் நகரத் தொடங்கிய பிறகு வடம் பிடித்து இழுப்பதே போதும். காரும் இப்படித்தான். புறப்படும்போதும் மேட்டில் ஏறும்போதும் அதிக விசை வேண்டும். சமதளத்தில் ஓடும்போது குறைந்த விசை போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஞ்சின் தரும் திருப்பு விசை 100 நியூட்டன்-மீட்டர் என்று கொள்வோம். முதல் கியர் அதை 3.8 மடங்காக்குகிறது. பின்அச்சிலுள்ள பல்சக்கரங்கள் மேலும் 4.5 மடங்காக்குகின்றன. மொத்தம் 1,710 நியூட்டன்-மீட்டர். சக்கரத்தின் ஆரம் 0.32 மீட்டர் எனில், சாலையில் கிடைக்கும் விசை 1710 ÷ 0.32, அதாவது சுமார் 5,340 நியூட்டன். மேல் கியரில் 4.5 மடங்கு மட்டுமே. கிடைப்பது ஏறத்தாழ 1,400 நியூட்டன்.

ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார், 5 மீட்டர் சென்றால் 1 மீட்டர் உயரும் மேட்டில் ஏற 1500 × 9.8 ÷ 5 = 2,940 நியூட்டன் தேவை. முதல் கியரில் ஏறிவிடும்; மேல் கியரில் ஏறாது. (உராய்வை நாம் கணக்கில் சேர்க்கவில்லை.) விசை கூடும்போது வேகம் அதே விகிதத்தில் குறைகிறது. ஆற்றல் அழிவின்மை விதி கியர் பெட்டிக்குள்ளும் தப்பாது.

கிளச்சுக்குப் பதில் எண்ணெய்

இரண்டு மேசை மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். அதன் காற்று பட்டு மற்றொன்றும் மெதுவாகச் சுழலத் தொடங்கும். இரண்டையும் இணைக்கும் திடப்பொருள் எதுவும் இல்லை. இப்போது ஓடாத விசிறியின் இறக்கையை நிறுத்தி வைத்தாலும், ஓடும் விசிறி நிற்காது அல்லவா?

காற்றுக்குப் பதிலாக எண்ணெயை நிரப்பி, இரண்டு விசிறிகளையும் ஒரே கூட்டுக்குள் அடைத்ததுபோன்ற அமைப்புதான் டார்க் கன்வர்ட்டர். ஜெர்மானியப் பொறியியலாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் இதற்கு 1905-இல் காப்புரிமை பெற்றார். கப்பல்களுக்காக உருவான கருத்து பின்னர் கார்களுக்கு வந்தது. இடையில் உள்ள மூன்றாவது சக்கரம் எண்ணெயின் ஓட்டத்தைத் திருப்பிவிடுவதால், புறப்படும் வேளையில் திருப்பு விசை ஏறத்தாழ இரு மடங்காகிறது. கியர் விழுந்திருக்கும்போதே கார் நிற்கலாம், எஞ்சின் அணையாது. ஆனால் எண்ணெய் வழுக்கும் அளவுக்கு ஆற்றல் வெப்பமாக வீணாகும். அதைத் தணிக்க எண்ணெய்க் குளிர்விப்பான் ஒன்று வேண்டும்.

எப்போது மாற்றுவது?

கியரை எப்போது மாற்றுவது என்பதை ஓட்டுநர் காதால் கேட்டும் உடலால் உணர்ந்தும் முடிவு செய்கிறார். தானியங்கிப் பெட்டிக்கு அதை யார் சொல்வது?

பழைய தானியங்கிப் பெட்டிகளில் எண்ணெய் அழுத்தமே சொன்னது. கயிற்றில் கட்டிய கல்லைச் சுழற்றினால், வேகம் கூடக்கூடக் கல் வெளிநோக்கி வலுவாக இழுக்கும். அதேபோல் சுழலும் சிறு எடைகள், காரின் வேகத்திற்கேற்ப ஓர் அழுத்தத்தை உண்டாக்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அளவுக்கேற்ப எதிர்ப்பக்கத்தில் இன்னோர் அழுத்தம் உண்டாகும். இரண்டுக்கும் இடையே ஒரு வால்வு. வேகத்தின் அழுத்தம் வென்றால் வால்வு நகரும். அடுத்த கியர் விழும்.

புதிய பெட்டிகளில் இந்த வேலையைக் கணினி செய்கிறது. எஞ்சின் வேகம், காரின் வேகம், ஆக்சிலரேட்டரின் நிலை ஆகியவற்றை உணரிகள் மின்குறிப்புகளாக அனுப்புகின்றன. கார்ப்பரேட்டர் வைத்த பழைய அம்பாசடர் எஞ்சினில் இந்த உணரிகள் கிடையா. செய்தி வராவிட்டால் எவ்வளவு நவீனமான பெட்டியும் எதையும் தீர்மானிக்க முடியாது. உணரிகளையும் தனிக் கணினியையும் சேர்த்துப் பொருத்த வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பழைய எஞ்சின் தன் முழுத்திறனான சுமார் 50 குதிரைத்திறனை நிமிடத்திற்கு 4,200 சுற்றுகளை ஒட்டித் தருகிறது. 5,500 சுற்றில் கியர் மாறும்படி அமைந்த பெட்டியை இதனுடன் இணைத்து ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தால், அந்தச் சுற்றை எட்ட முடியாமல் எஞ்சின் கீழ் கியரிலேயே அலறிக்கொண்டிருக்கும்.

பூட்டுவதில் உள்ள சிக்கல்

இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலும் எஞ்சின் குறுக்காக அமர்ந்து முன்சக்கரங்களை இயக்குகிறது. அம்பாசடரில் எஞ்சின் நீளவாக்கில் அமர்ந்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்னும் நீண்ட தண்டின் வழியாகப் பின்சக்கரங்களை இயக்குகிறது. எனவே சிறிய காரின் பெட்டி இதற்கு உதவாது. பின்சக்கரங்களை இயக்கும் வண்டி ஒன்றின் பெட்டியே வேண்டும்.

அது கிடைத்தாலும், எஞ்சினோடு இணைக்கத் தனி இணைப்புத் தகடு கடைய வேண்டும். இரு அச்சுகளும் ஒரே நேர்கோட்டில் அமையாவிட்டால் தாங்கிகள் தேய்ந்துவிடும். பெட்டியின் நீளம் வேறானால் நீண்ட தண்டை வெட்டி, மீண்டும் சமநிலைப்படுத்த வேண்டும். கியர் விழுந்திருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் சுவிட்சும் அவசியம். அது இல்லாவிட்டால் சாவியைத் திருப்பியதும் கார் எதிரே நிற்பவர்மேல் பாயக்கூடும்.

பேட்டரி இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்யும் வழக்கத்தையும் மறந்துவிட வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் எண்ணெய் பம்பை எஞ்சின்தான் ஓட்டுகிறது. எஞ்சின் ஓடாவிட்டால் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லாவிட்டால் கியர் பிடிக்காது. தெருவே திரண்டு தள்ளினாலும் எஞ்சின் சுழலாது!

1990-களின் தொடக்கத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே அம்பாசடரில் ஜப்பானின் இசுசு எஞ்சினைப் பொருத்தியபோது, அதற்கேற்ற ஐந்து வேகக் கியர் பெட்டியையும் சேர்த்தே பொருத்தியது. எஞ்சினும் கியர் பெட்டியும் இணைபிரியாத ஜோடி என்பது இதிலிருந்து விளங்கும்.

எளிய வழி ஒன்று

நம் நண்பரின் குறை என்ன? இடது காலால் மிதிக்க முடியவில்லை. கை நன்றாக இருக்கிறது. கியரை அவரே மாற்றிக்கொள்வார். அப்படியானால் கிளச்சை மட்டும் தானியங்கியாக்கினால் போதாதா?

போதும். 1950-களிலேயே ஜெர்மனியில் 'சாக்ஸோமேட்' என்ற தானியங்கிக் கிளச் வந்துவிட்டது. பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் 1955-இல் வெளியிட்ட டி.எஸ். காரிலும் கிளச் மிதி கிடையாது. எண்ணெய் அழுத்தமே கிளச்சை இயக்கியது.

வெற்றிடத்தால் இயங்கும் கிளச்சை எடுத்துக்கொள்வோம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சினின் உறிஞ்சு குழாயில் அழுத்தம் வெகுவாகக் குறையும். கியர் கோலைத் தொட்டதும் ஒரு சுவிட்ச் வால்வைத் திறக்கும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள சவ்வின் ஒரு பக்கம் அழுத்தம் அரை வளிமண்டலம் குறைந்தால், மறுபக்கக் காற்று எவ்வளவு விசையுடன் தள்ளும்? பரப்பு 0.0314 சதுர மீட்டர். அழுத்த வேறுபாடு 50,000 பாஸ்கல். பெருக்கினால் 1,570 நியூட்டன். இது 160 கிலோ எடைக்குச் சமம்! இடது கால் செய்த வேலையை நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றே செய்துவிடும்.

எந்த மாற்றமானாலும் தேர்ந்த மெக்கானிக் செய்ய வேண்டும். போக்குவரத்துத் துறையின் அனுமதியும் பெற வேண்டும். உடற்குறை உள்ளவர்களுக்காக வண்டியை மாற்றியமைக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம் உண்டு. 2019-இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டம், அத்தகைய வண்டிகளுக்குத் தனி விளக்கமும் தருகிறது.

ஆகவே நம் நண்பர் முதலில் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது கியர் பெட்டியைப் பற்றி அல்ல, கிளச்சைப் பற்றி. அவருடைய அம்பாசடர் தன் பழைய எஞ்சினோடும் பழைய கியர் பெட்டியோடும் மீண்டும் பாகூர்ச் சாலையில் ஓடும். அவரே ஓட்டிச் செல்வார்.