சிறு படகுக்கு மீன்காட்டும் கருவி: வாங்குவதும் பொருத்துவதும்

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏர் பிடிப்பவரும் உண்டு. துடுப்புப் பிடிப்பவரும் உண்டு. கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாகத் தெற்கே செல்லும் கடற்கரையில் கட்டுமரமும் பைபர் படகும் வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை தாக்கிய பிறகு இக்கரையில் பைபர் படகுகள் பெருகின. அவற்றுடன் ஆழமும் மீனும் காட்டும் கருவி, இடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவி ஆகியவையும் வந்தன. இப்பொழுது இரண்டும் ஒரே பெட்டியில் கிடைக்கின்றன.

வெளிநாடுகளில் கயாக் எனப்படும் ஒற்றையாள் துடுப்புப் படகில் தூண்டில் போடுவோர், கையடக்கமான இந்தப் பெட்டியைத்தான் பயன்படுத்துகிறார்கள். நம் கட்டுமரமும் கயாக் போலவே தாழ்வானது, எப்போதும் நனைவது, அதில் கருவிக்கு மின்சாரம் தரும் எஞ்சின் வசதி இருக்காது. ஆகவே கயாக்குக்குச் செய்த சிறு கருவி நம் மரத்துக்கும் சிறு பைபர் படகுக்கும் பொருந்தும். ஆனால் வாங்குமுன் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

கருவி வேலை செய்யும் விதம்

படகின் அடியில் நீரைத் தொட்டுக்கொண்டு ஒரு குமிழ் இருக்கும். கடைக்காரர்கள் இதை டிரான்ஸ்டியூசர் என்பார்கள். இது நம் காதுக்குக் கேட்காத ஒலியை நேர் கீழே அனுப்பும். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். 30 மீட்டர் ஆழத்தில் தரையில் பட்டுத் திரும்ப, ஒரு நொடியில் 100-ல் 4 பங்கு நேரமே ஆகும். அந்த நேரத்தை அளந்துதான் கருவி ஆழத்தைச் சொல்கிறது.

இடையில் மீன் இருந்தால் அதன் வயிற்றிலுள்ள காற்றுப்பையில் ஒலி பட்டுத் திரும்பும். காற்றுப்பை இல்லாத சுறாவும் திருக்கையும் மங்கலாகவே தெரியும். ஜப்பானில் நாகசாகிப் பகுதியைச் சேர்ந்த புருனோ சகோதரர்கள் 1948-ல் இத்தகைய கருவியை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அடிப்படை இன்றும் அதுவே.

ஒலி, கூம்பு போல விரிந்து இறங்கும். சிறு கருவிகளில் வழக்கமான 200 கிலோ ஹெர்ட்ஸ் ஒலிக்கு இந்த விரிவு சுமார் 20 பாகை. 20 மீட்டர், அதாவது சுமார் 11 பாகம் ஆழத்தில், தரையில் 7 மீட்டர் அகலமுள்ள வட்டம் மட்டுமே கருவிக்குத் தெரியும். படகுக்கு முன்னாலும் பக்கத்திலும் இருப்பது தெரியாது.

பொத்தேரி, சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் ஏரியைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்ப்போர், "எங்களுக்கும் இது உதவுமா?" என்று கேட்கலாம். 2 மீட்டர் தண்ணீரில் கருவிக்குத் தெரியும் வட்டம் வெறும் 70 சென்டிமீட்டர். ஏரிக்கு ஒரு மூங்கில் கழியும் வீச்சுவலையும் போதும். அந்தப் பணத்தைக் குஞ்சுக்கும் தீவனத்துக்கும் செலவிடுவதே லாபம்.

மீனைவிட இடமே முக்கியம்

மண் பரிசோதனை அறிக்கை நிலத்தின் தன்மையைச் சொல்லும். மகசூலை வீட்டில் கொண்டுவந்து கொட்டாது. இதுவும் அப்படித்தான். கருவி தரும் பெரிய பலன், கடலடியில் பார் எங்கே, சேறு எங்கே, மணல் எங்கே என்று காட்டி, அந்த இடத்தைக் குறித்து வைப்பது. கெட்டியான பார் தடித்த, பளிச்சென்ற கோடாகத் தெரியும். சேறு ஒலியை விழுங்குவதால் மங்கலாகத் தெரியும். சங்கராவும் களவாவும் பாரை அண்டியே வாழ்பவை. பாரை ஒருமுறை குறித்துவிட்டால் அடுத்த முறை தேடி அலைய வேண்டியதில்லை.

நம் பெரியவர்கள் இதைக் கருவியில்லாமலே செய்தார்கள். கலங்கரை விளக்கம், கோயில் கோபுரம், குன்று போன்ற கரையடையாளங்களில் இரண்டை ஒரே கோட்டில் வைத்து, வேறு திசையில் இன்னும் இரண்டைச் சேர்த்து இடத்தைக் கண்டார்கள். மூடுபனியிலும் இருட்டிலும் இந்த முறைக்கு வழியில்லை. அங்கேதான் ஜி.பி.எஸ். கைகொடுக்கிறது. 2000-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்கா, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். குறிப்பில் வேண்டுமென்றே சேர்த்து வந்த பிழையை நீக்கியது. அதன்பின் சாதாரணக் கருவியும் திறந்த கடலில் சுமார் 10 மீட்டருக்குள் இடத்தைச் சொல்கிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. திரை, உச்சி வெயிலிலும் தெரிய வேண்டும். கடையின் நிழலில் பார்த்து முடிவு செய்யாமல் வெளியே கொண்டுபோய்ப் பாருங்கள்.

2. நீர்க்காப்பு ஐ.பி.எக்ஸ். 7 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும் என்பது இதன் பொருள்.

3. பொத்தான் வைத்த கருவி நல்லது. ஈரக்கைக்குத் தொடுதிரை சரியாகக் கட்டுப்படாது.

4. கடைக்காரர் ஆயிரம் மீட்டர் ஆழம் காட்டும் என்பார். நீங்கள் போவது 40 மீட்டர் ஆழம் என்றால் அதற்குக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

5. பழுது பார்க்கவும் குமிழ் மாற்றவும் சென்னையில் ஆள் உண்டா என்று கேளுங்கள். ரசீதும் உத்தரவாதச் சீட்டும் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அலையும் மணலும் உள்ள கரை

மாமல்லபுரத்தை அடுத்த குப்பங்களில் படகை அலையைத் தாண்டித் தள்ளி, திரும்பும்போது மணலில் ஏற்ற வேண்டும். துறைமுகப் படகைப் போலக் குமிழைப் பின்புறம் அடியில் நிரந்தரமாக முடுக்கினால், மணலில் இடித்து விரைவில் உடையும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி கழிப் பொருத்தம். கட்டுமரத்துக்கும் கயாக்குக்கும் இதுவே சிறந்தது. குமிழை ஒரு கழியின் நுனியில் பொருத்தி, பக்கவாட்டில் ஒரு கை நீளம் நீரில் இறங்கும்படி கட்டுங்கள். அலை உடையும் இடத்தைத் தாண்டிய பின் இறக்கவும். கரை நெருங்குமுன் தூக்கவும். குமிழின் முகம் நேர் கீழே பார்க்க வேண்டும். சாய்ந்தால் ஆழம் தவறும்.

இரண்டாவது வழி பைபர் படகின் உள்ளேயே ஒட்டுவது. கெட்டியான பைபர் தகட்டின் வழியே ஒலி கடக்கும். மரத்தின் வழியேயும் நுரை அடைத்த இடத்தின் வழியேயும் சரியாகக் கடக்காது. பல படகுகளில் மிதவைக்காக நுரை அடைத்திருப்பதால், ஒட்டுவதற்கு முன் சோதனை அவசியம். படகின் உள்தரையில் சிறிது தண்ணீர் ஊற்றி, குமிழை அதில் வைத்து, கருவி சொல்லும் ஆழத்தை ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்து வந்தால் அங்கேயே எபாக்சி பசையால் ஒட்டலாம். பசைக்குள் காற்றுக்குமிழி இருக்கக்கூடாது. இருந்தால் ஒலி அங்கேயே நின்றுவிடும். எஞ்சின் விசிறி கிளப்பும் நுரையிலிருந்தும் குமிழ் விலகியிருக்க வேண்டும்.

மின்சாரம்

சிறு கருவிக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி கொண்ட மூடிய பேட்டரி போதும். கருவி அரை ஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி 14 மணி நேரம் வரும். ஆனால் ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 7 மணி நேரம் என்றே கணக்கு வையுங்கள். பேட்டரியை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக் கட்டவும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே, கருவியுடன் வரும் புத்தகத்தில் சொல்லும் அளவில் பியூஸ் போடவும். குமிழின் வயர் நீளமாக இருந்தாலும் வெட்டக்கூடாது; சுருட்டிக் கட்டி வையுங்கள். திசைகாட்டியைக் கருவியிலிருந்து தள்ளி வைப்பது நலம். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் துடைத்து, இணைப்பு முனைகளில் லேசாக கிரீஸ் தடவுங்கள்.

எண்ணைத் தவறாகப் போட்டால்

முதல் நாள் முதல் வேலை, உங்கள் குப்பத்தின் கரையேறும் இடத்தைக் கருவியில் குறிப்பது. பாரைக் குறிப்பது அதன் பிறகு.

இடத்தின் எண்ணை இரண்டு விதமாக எழுதுவார்கள். மாமல்லபுரம் வடக்கு 12 பாகை 37 நிமிடத்தில் உள்ளது. இதையே பாகைப் புள்ளியில் எழுதினால் 12.6167 வரும். விவரம் தெரியாமல் 12.37 என்று போட்டுவிட்டால், கருவி சுமார் 27 கிலோமீட்டர் தெற்கே இழுத்துச் சென்றுவிடும். நண்பரிடம் எண் வாங்கும்போது எந்த முறையில் எழுதியது என்று கேளுங்கள். குறித்த இடங்களை ஒரு நோட்டிலும் எழுதி வீட்டில் வையுங்கள். கருவி கெட்டால் உள்ளே இருப்பதும் போய்விடும்.

கரைக்கு வழி கேட்டால் கருவி நேர்கோடு போடும். நேர்கோட்டில் பாறை இருந்தால் அதற்குக் கவலையில்லை. மாமல்லபுரம் கடற்கோயிலுக்கு எதிரே 2002-ல் தேசிய கடலாய்வு நிறுவனத்தார் முக்குளித்து, 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் கற்கட்டுமானங்களைக் கண்டார்கள். அப்பகுதியில் பாறைகளும் உண்டு. வயலூர் அருகே பாலாறு கடலில் சேரும் இடத்தில் மணல்திட்டு இடம் மாறும். இங்கெல்லாம் ஊர்ப் பெரியவர் சொல்லும் வழியே வழி.

கணக்கும் கடனும்

கருவி, பேட்டரி, பொருத்தும் செலவு எல்லாம் சேர்ந்து 27,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தேடி அலையாததால் நாளைக்கு 2 லிட்டர் எரிபொருள் மிச்சம். லிட்டர் 90 ரூபாய் என்றால் 180 ரூபாய். 150 நாள் கடலுக்குப் போனால் முதல் திரும்பிவிடும். எஞ்சின் இல்லாத கட்டுமரத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்குவது மேல். மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக் கருவி வாங்காதீர்கள். பிறகு மீனுக்கு விலை சொல்லும் உரிமை அவர் கைக்குப் போய்விடும். 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் படகுகளுக்கான தகவல் தொடர்புக் கருவிகளுக்கு இடமுண்டு. மானியம் பற்றி மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்த பிறகு வாங்குங்கள்.

ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம், கடல்நீரின் வெப்பமும் பாசியின் அளவும் செயற்கைக்கோள் மூலம் பார்த்து, மீன் கூடக்கூடிய இடங்களைத் திசை, தூரம், ஆழத்துடன் இலவசமாக அறிவிக்கிறது. அந்த எண்களைக் கருவியில் போட்டுக்கொள்ளலாம்.

கருவி காற்றைச் சொல்லாது, புயலைச் சொல்லாது. வன்னி நீரோட்டமா, தெண்டி நீரோட்டமா என்று உங்கள் கையும் கண்ணுமே சொல்ல வேண்டும். மிதவை உடுப்பும் திசைகாட்டியும் கைபேசியும் இல்லாமல் போகாதீர்கள். ஆபத்தில் அழைக்கக் கடலோரக் காவல் படையின் எண் 1554. கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093. இவ்விரண்டையும் கருவிப் பெட்டியின் மேலேயே அழியாத மையில் எழுதி வைப்பது நன்று.