ஆன் ஆகாத கம்ப்யூட்டருக்குள் உங்கள் கணக்கு பத்திரமாக இருக்கலாம்

கோடை இடிமழையில் கரண்ட் போய் வந்த மறுநாள் காலையில் கோவில்பட்டியில் பல கடைகளில் இந்தப் பேச்சைக் கேட்கலாம்: "சிஸ்டம் ஆன் ஆக மாட்டேங்குது." தீப்பெட்டி ஆபீஸின் கூலிக் கணக்கு, கடலைமிட்டாய்க் கடையின் ஜி.எஸ்.டி. பில், ஸ்டுடியோவில் இன்னும் ஆல்பம் போடாத கல்யாணப் போட்டோக்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். பதற்றத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், "எப்படியாவது சரி பண்ணிக் குடுங்க" என்று வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். சாயங்காலம் கம்ப்யூட்டர் ஓடும், ஆனால் விண்டோஸைப் புதிதாக ஏற்றும்போது பழைய கணக்கு அழிந்திருக்கும்.

பெட்டி ஆன் ஆகவில்லை என்றால் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஹார்ட் டிஸ்க் முழுதாகச் செத்துப்போன கம்ப்யூட்டர்கூட பெரும்பாலும் ஆன் ஆகும். ஃபேன் சுற்றும், பூட் டிவைஸ் இல்லை என்று திரையில் எழுத்து வரும். ஒரு அசைவும் இல்லாமல் கிடந்தால் முதல் சந்தேகம் கரண்ட் வரும் வழியின் மேல்தான் விழ வேண்டும். பிளக் பாயின்டில் வேறொரு சாதனத்தைச் செருகிப் பாருங்கள். பேட்டரி செத்த யூ.பி.எஸ். கரண்டை உள்ளே விடாமல் நிற்கலாம். அதை விலக்கிவிட்டு நேரடியாகக் கொடுத்துப் பாருங்கள். பெட்டியின் பின்பக்கம் இருக்கும் சிறிய சுவிட்ச், கூட்டும்போது துடைப்பம் பட்டு அணைந்திருக்கலாம். வயரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மறுபடி செருகிப் பாருங்கள். லேப்டாப் என்றால் அதே அளவு வோல்டேஜ் உள்ள இன்னொரு சார்ஜரைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஃபேன் சுற்றுகிறது, படம் மட்டும் வரவில்லை என்றால் அது வேறு கோளாறு. பெரும்பாலும் ரேமைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களை பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினால் தீர்ந்துவிடும். எதுவுமே அசையவில்லை என்றால் பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றிப் பார்ப்பதே குறைந்த செலவு. அதைப் பிரித்துப் பார்க்க மட்டும் ஆசைப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கபாசிட்டரில் வயரை எடுத்த பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

கரிசல் பூமிக்கென்றே ஒரு காரணம் இருக்கிறது, அதுதான் எர்த். கரிசல் மண் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரத்தோடு இருக்கும்போது எர்த்துக்கு இதைவிட நல்ல மண் கிடைப்பது அரிது. பங்குனி பிறந்து வெடிப்பு விழ ஆரம்பித்ததும் நிலைமை தலைகீழ். எர்த் பைப்பைச் சுற்றிக் குனிந்து பாருங்கள், மண் விலகி விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரியும். பைப் நின்றுகொண்டிருக்கும், ஆனால் மண்ணோடு அதற்குத் தொடர்பு அறுந்திருக்கும். பிளக் பாயின்டின் மூன்றாவது ஓட்டை அப்போது பேருக்குத்தான்.

இதற்கு அறிகுறி, கேபினட்டின் பின்பக்கத் திருகில் கை பட்டால் சுருக்கென்று இழுப்பது. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் உள்ள ஃபில்டர் கபாசிட்டர்கள் தகட்டுக்குச் சிறிய கசிவை விடுகின்றன. எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் தகடு ஏறக்குறைய பாதி வோல்டேஜில் நிற்கும். "லேசாத்தான் அடிக்குது" என்று இதைப் பழகிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. உள்ளே இன்சுலேஷன் போகும் நாளில் அதே திருகு ஆளைக் கொல்லும். காசு கொடுத்து வாங்கிய ஸ்பைக் கார்டும் எர்த் இல்லாமல் பாதி வேலைதான் செய்யும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது. பைப் குறைந்தது இரண்டரை மீட்டர் ஆழம் போக வேண்டும். கரியும் உப்பும் போட்ட குழிக்கு, கோடை முழுக்க வாரம் ஒரு குடம் தண்ணீராவது ஊற்ற வேண்டும்.

இன்னொரு எமன் நியூட்ரல் கட்டாவது. போஸ்டில் நியூட்ரல் கம்பி அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வரை ஏறிவிடக்கூடும். லைட் பளிச்சென்று எரிந்து, ஃபேன் விர்ரென்று சுற்றினால் வேறு எதையும் யோசிக்காமல் மெயினை அணையுங்கள். அதற்குள் தெருவில் நாலு வீட்டு டி.வி.யும் உங்கள் கம்ப்யூட்டரும் போயிருந்தால் அதை விதி என்று விட வேண்டியதில்லை. மின்சாரம் வழங்குவதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி சேவைதான். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-இல் அன்றைக்கே புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். பாதிக்கப்பட்ட அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு எழுத்தில் கொடுங்கள். எரிந்த சாமான்களைப் போட்டோ எடுத்து, இன்ன காரணத்தால் போனது என்று மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள். மின் பகிர்மான வட்டம்தோறும் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது, அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

இனி ஹார்ட் டிஸ்க். அது நல்லபடியாக இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்த்துவைக்க வேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் குறிப்புகளை அது காட்டும். 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். முதலாவது கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள், இரண்டாவது படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் இடங்கள், மூன்றாவது திருத்த முடியாதவை. கடைசிப் பத்தியில் மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள் கோளாறு, மாற்றினால் சரியாகிவிடும்.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து கூகுள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். முதல் ஸ்கேன் பிழை தெரிந்த டிஸ்க்குக்கு, பிழை இல்லாததைவிட அடுத்த 60 நாளில் சாக 39 மடங்கு வாய்ப்பு அதிகம் என்றது அது. செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு ஸ்மார்ட் குறிப்புகளில் எந்த அறிகுறியும் காட்டாமலே போயின என்றும் சொன்னது. அதனால் மஞ்சள் எழுத்து வந்தால் அன்றைக்கே நகல் எடுங்கள். நீல எழுத்தில் "குட்" என்று வந்தாலும் நகல் எடுங்கள்.

டிஸ்க்கில் டிக் டிக் என்று தட்டும் சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்ப்பதும், செக் டிஸ்க் ஓட்டுவதும் இருக்கிற உயிரையும் வாங்கிவிடும். உள்ளே படிக்கும் முனை தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. நம் ஊர்த் தூசியில் மூடியைத் திறந்தால் தட்டில் கீறல் விழுந்துவிடும். கடைக்காரர் "திறந்து பார்க்கிறேன்" என்றால் டிஸ்க்கைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ்., போர்டு வேலைக்குப் பெட்டியைக் கொடுக்கும்போது டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். சில திருகாணிகள், இரண்டு கேபிள், அவ்வளவுதான். அதை யூ.எஸ்.பி. கேபிளில் இன்னொரு கம்ப்யூட்டரோடு இணைத்தால் கோப்புகள் அப்படியே தெரியும். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில் பிட்லாக்கர் பூட்டு தானாகவே விழுந்திருக்கலாம். அப்போது 48 இலக்க ரெகவரி கீ இல்லாமல் ஒரு கோப்பும் திறக்காது. அந்த எண்ணை இன்றைக்கே தாளில் எழுதிவையுங்கள்.

டிஸ்க்கோடுதான் கொடுத்தாக வேண்டும் என்றால் ரசீது கேளுங்கள். அதில் டிஸ்க்கின் சீரியல் எண்ணும், "கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது" என்ற வரியும் இருக்க வேண்டும். முகத்தைப் பார்த்துச் சங்கடப்பட வேண்டாம், நேர்மையான மெக்கானிக் இதை வரவேற்கவே செய்வார். பில் தராமல் இருப்பதும், நம்பிக் கொடுத்த சொந்தத் தகவலை வெளியே விடுவதும் 2019 சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை. கெட்ட எண்ணத்தோடு அனுமதியில்லாமல் கோப்புகளை நகல் எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43, 66 பிரிவுகளின் கீழ் குற்றம். 3 ஆண்டு வரை சிறை உண்டு. அந்தரங்கப் படத்தை வெளியிட்டால் 66-இ பிரிவும் சேரும். படத்தை வைத்து மிரட்டினால் பெண்கள் தயங்காமல் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். பணம் பறிபோனால் 1930-ஐ உடனே அழைக்க வேண்டும்.

வாரண்டியில் டிஸ்க்கை மாற்றித் தருவார்கள், உள்ளே இருந்தவற்றுக்கு வாரண்டி கிடையாது. கவனக்குறைவால் அழித்ததற்கு இழப்பீடு கேட்பது வேறு. அது உங்கள் உரிமை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள். நடக்காவிட்டால் கோவில்பட்டிக்காரர்களுக்குத் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியவும் முடியும்.

2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மாதிரி வெள்ளத்தில் நனைந்த பெட்டியை, காய்ந்துவிட்டது என்று நம்பி ஆன் செய்துவிடாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி, வெயிலில் போடாமல், சுடவைக்காமல் தரவு மீட்பு நிலையத்துக்கு அனுப்புங்கள்.

பழைய டிஸ்க்கை இரும்புக்கடையில் எடைக்குப் போடுகிறவர்கள் கவனிக்க: குவிக் ஃபார்மட் செய்தாலும் ஆதார் நகலும் வங்கிக் கணக்கும் உள்ளே அப்படியே இருக்கும். தட்டில் இரண்டு மூன்று இடத்தில் டிரில்லால் ஓட்டை போட்ட பிறகு, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.