உத்தரவு வந்தாச்சு... பணம் வந்ததா?

“ஜட்ஜ் சொல்லிட்டார், மாசம் எட்டாயிரம். இனிமே கவலையில்லே!” என்று கோர்ட் வாசலிலேயே பெருமூச்சு விடும் பெண்கள் உண்டு. பாவம், பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறார்கள்.

குடும்ப நீதிமன்றத்தில் ஜீவனாம்ச உத்தரவு ஆனதும் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். யாருக்குப் பணம் கிடைக்க வேண்டுமோ அவருக்கு நகலைக் காசு வாங்காமல் தர வேண்டும் என்பது சட்டம். வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாமல், உட்கார்ந்து படியுங்கள். உங்களுக்கு எவ்வளவு, குழந்தைக்கு எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்று பாருங்கள். தேதியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மனுப் போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. வழக்கு இரண்டு வருஷம் இழுத்திருந்தால் 24 மாசப் பணம். மாசம் எட்டாயிரம் என்றால் 1,92,000 ரூபாய். சும்மாவா? (இடைக்காலத்தில் வாங்கியதைக் கழித்துக்கொள்வார்கள்.)

சரி, இரண்டு மாசம் ஒழுங்காகக் கொடுத்தவர் அப்புறம் நிறுத்திவிட்டார். “தீபாவளி போகட்டும், கேட்டுக்கலாம்” என்று பொறுத்துப் போகிறீர்களா? இங்கேதான் ஆபத்து. வாரண்டு போட்டு வசூலிக்க, அந்தந்த மாசப் பணம் தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட்டாக வேண்டும். இந்தத் தை மாசப் பாக்கிக்கு அடுத்த தைக்குள்! 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் புதுச் சட்டம் வந்திருக்கிறது. பிரிவு எண் 125 என்பது 144 ஆனதே தவிர, இந்த ஒரு வருஷக் கெடு மாறவில்லை. அதனால் எந்த மாசம் எவ்வளவு வந்தது என்று பால் கணக்கு மாதிரி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பணம் பாங்கிக் கணக்கில் வந்தால் இன்னும் நல்லது. “கையிலே கொடுத்தேனே” என்று யாரும் சாதிக்க முடியாது.

தக்க காரணமில்லாமல் தராதவரை ஜெயிலுக்கு அனுப்பலாம். “உள்ளே இருந்துட்டு வந்துட்டேன், கணக்குத் தீர்ந்தது” என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள். ஜெயில் வாசத்தால் பாக்கி அழியாது என்று 1988-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டாரா? அவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அங்கேயும் உத்தரவை நிறைவேற்றலாம்.

பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துச் செலவு ஏறிவிட்டால், தொகையைக் கூட்டச் சொல்லியும் கேட்கலாம். வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது.