வன்னியின் சாயவேர்: நிறமும் உழைப்பும்

இயற்கைச் சாயங்கள் மீண்டும் மதிப்புப் பெற்று வருகின்றன. திரைச்சீலைக்கும் படுக்கை விரிப்புக்கும் செடிகொடிகளின் நிறமே உகந்தது என்னும் கருத்து நகர்ப்புற இல்லங்களில் பரவுகின்றது. கனகராயன்குளம் போன்ற வன்னிக் கிராமங்களுக்குச் சாயத்தொழிலைப் பரிந்துரைக்க முனைவோர், வன்னி முன்னரே ஒரு சாயத்தின் வரலாற்றைச் சுமந்த நிலம் என்பதைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

அச்சாயம் சாயவேர். சித்த மருத்துவர் இம்பூறல் என வழங்கும் சிறுசெடியின் வேர் அது. மன்னார், யாழ்ப்பாணம், வன்னி ஆகிய பகுதிகளின் மணற்பாங்கான நிலங்களில் தானாகவே முளைப்பது. பயிரிட்ட வேரினும் காட்டு வேரே நிறச்செறிவு மிக்கதெனக் கொள்ளப்பட்டது. வேர்ப்பட்டையிலுள்ள அலிசரின் என்னும் பொருளே சிவப்புக்கு மூலம். எனினும் வேரை அவித்துத் துணியைத் தோய்த்தால் மட்டும் நிறம் நிலையாது. பருத்தித் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்தி, படிகாரக் கரைசல் இட்ட பின்னரே வேர்ச்சாற்றிற் காய்ச்சுவர். படிகாரம் பட்ட இடம் சிவக்கும். இரும்புக் கரைசல் பட்ட இடம் கறுக்கும். நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சிவப்பை மேலும் ஒளிரச் செய்யும். சோழமண்டலக் கரையில் எழுதப்பட்ட துணிகள் ஐரோப்பியச் செல்வரின் கட்டில் விரிப்புகளாகவும் சுவர்த் திரைகளாகவும் விளங்கியமைக்கு இந்நுட்பம் பெருங் காரணம். அவற்றின் போட்டிக்கு அஞ்சியே பிரான்சு 1686இலும் இங்கிலாந்து 1701இலும் தடை விதித்தன.

அருங்காட்சியகங்கள் இன்று அத்துணிகளைப் போற்றுகின்றன. ஆனால் வேரைத் தோண்டியோர் யாவர்? ஒல்லாந்தக் கம்பனி இவ்வேரைத் தன் வருவாய்க்குரிய பொருளாக்கியது. யாழ்ப்பாணக் கொமாந்தர் ஹென்றிக் ஸ்வார்டகுரூன் 1697இல் எழுதிய குறிப்பேட்டிலும் அது பேசப்படுகின்றது. வேர் குத்துதல் குறிப்பிட்ட சாதியினர் மீது கட்டாயக் கடமையாகச் சுமத்தப்பட்டது. வெயிலில் மணலைக் கிளறி மெல்லிய வேர்களை அறாது எடுத்த அம்மக்களை, துணிக்கலை பற்றிய நூல்கள் பெரும்பாலும் காண்பதில்லை.

1832இல் இராசகாரியம் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1869இல் செருமானியரும் ஆங்கிலேயரும் செயற்கை அலிசரினுக்கு உரிமம் பெற்றனர். அதன்பின் வேரின் சந்தை வீழ்ந்தது. செயற்கைச் சாயம் மரபை அழித்ததெனப் புலம்புவோர், இத்தொழிலின் அடியில் கிடந்த கட்டாய ஊழியத்தையும் அம்மரபின் பகுதியாகவே எண்ணல் வேண்டும்.

கனகராயன்குளம் கடலோர ஊரன்று. அங்கு எளிதிற் கிடைக்கக்கூடியவை தேக்கின் இளந்தளிர், மாவிலை, வெங்காயத் தோல், பலாமர வைரத்தின் தூள் முதலியன. இவற்றைச் சேகரிக்க ஒரு செடியையும் அழிக்க வேண்டியதில்லை. ஆயின் ஓர் இடர்ப்பாடு உண்டு. சன்னலோரத் திரைச்சீலை நாள்தோறும் வெயிலைத் தாங்குவது. பல இலைச் சாயங்கள் ஒளியில் விரைவில் வெளிறிவிடும். மஞ்சளோ சில நாட்களும் தாங்காது! படிகாரத்துடன் பிணைந்த வேர்ச்சிவப்பு இவற்றினும் உறுதியானது.

வேரை எடுத்தால் செடி மாளும். ஆதலின் அச்சிவப்பை வேண்டுவோர் காட்டைக் கிளறாது செடியைப் பயிரிடல் வேண்டும். வேர் முற்ற இரண்டு ஆண்டளவு காத்திருத்தலும் வேண்டும். அக்காத்திருப்புக்கும் தோண்டும் உழைப்புக்கும் உரிய கூலியைத் துணியின் விலையிற் சேர்த்தால், வாங்குவோர் இணங்குவரா என்பதே எமது ஐயம்.